படித்தேன் என்பதும் தெரியும் என்பதும்

தரம் 13, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி



பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று எழுதுபவர் வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். நான் அப்படிப்பட்டவள் அல்லள். தரம் 12இன் முதலாம் தவணைப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு 33 புள்ளிகள் எடுத்தவள். பௌதிகவியலுக்கு 36, உயிரியலுக்கு 41. சாதாரண தரத்தில் எட்டு ஏயும் ஒரு பீயும் எடுத்து, ஊரில் நான்கு பேர் வீடு தேடி வந்து வாழ்த்திவிட்டுப் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வாங்க வாப்பாவின் தையல் கடைக்குப் போனேன். வாப்பா இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை.

"நீ படிக்கல்ல எண்டு நான் சொல்லமாட்டன் மகள். ராவு ராவா லைட் எரிஞ்சத நான் கண்டன். ஆனா படிச்சதெல்லாம் எங்க போச்சு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உண்மையில் நான் படித்துத்தான் இருந்தேன். இரவு பன்னிரண்டு மணிவரை விழித்திருந்தேன். மூன்று நிறத்தில் கோடு கீறிய குறிப்புக் கொப்பிகள் இருந்தன. வாரத்தில் ஐந்து நாள் டியூஷன் போனேன். அப்படியிருந்தும் வினாத்தாளைக் கண்டதும் எல்லாம் கலைந்துபோனது. படித்தது எங்கே போனது என்பதைத் தேடிய அந்த ஒரு வருடத்தில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எங்கே பிழைத்தது?

முதலில் என்னுடைய வினாத்தாளையும் குறிப்புக் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதயத்தினூடாகக் குருதி செல்லும் பாதையை விவரிக்குமாறு ஒரு வினா. கொப்பியில் அந்தப் பக்கம் மஞ்சள் நிறத்தால் நிறைந்து கிடந்தது. வல சோணையறை, முக்கூர் வால்வு, வல இதயவறை, சுவாசப்பை நாடி என்று ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பழக்கமானது. ஆனால் விடைத்தாளில் நான் சுவாசப்பை நாடியையும் சுவாசப்பை நாளத்தையும் மாற்றி எழுதியிருந்தேன். நாடி என்றால் ஒட்சிசன் நிறைந்த குருதி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வதுதான் நாடி, அதனால் சுவாசப்பை நாடியில் செல்வது ஒட்சிசன் குறைந்த குருதி என்ற அந்த ஒரு விடயத்தை நான் ஒருநாளும் என்னிடமே கேட்டுப் பார்த்ததில்லை.

கொப்பியைத் திறந்து வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். காரணம், விடை கண்முன்னே இருக்கிறது. நம் மூளை "இதை முன்னரும் கண்டிருக்கிறேன்" என்று சொல்வதை நாம் "இது எனக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறோம். வீதியில் ஒருவரைக் கண்டதும் முகம் தெரியும், பெயர் வராது அல்லவா? அதே நிலைதான். பரீட்சை முகத்தைக் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்கிறது.

தம்பியிடம் கற்ற பாடம்

என் தம்பி ஹிப்ழ் மத்ரஸாவில் குர்ஆன் மனனம் செய்கிறான். அந்தத் தவணை விடுமுறையில் அவனும் வீட்டுக்கு வந்திருந்தான். ஸுபஹ் தொழுத கையோடு உம்மா குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஓதுவான். முதலில் அன்றைய புதிய பாடம். பிறகு கடந்த சில நாட்களின் பாடங்கள். அதன் பிறகு எப்போதோ முடித்த பழைய ஜுஸ்உ ஒன்று. எத்தனை புதிய பாடம் இருந்தாலும் பழையதை ஓதாமல் அவன் எழும்புவதில்லை.

ஓதிக்கொண்டு போகும்போது இடையில் தடங்கும். உம்மா உடனே எடுத்துக்கொடுக்கமாட்டார். கொஞ்ச நேரம் பொறுத்திருப்பார். பெரும்பாலும் அவனே பிடித்துக்கொள்வான். பிடிக்க முடியாவிட்டால் மட்டும் ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பென்சிலால் சிறிதாக ஓர் அடையாளம் இடுவார். மறுநாள் அந்த இடத்திலிருந்துதான் தொடக்கம்.

ஒருநாள் நான் கேட்டேன், "பார்த்தே பத்துத் தரம் ஓதினால் பாடமாகாதா?" என்று. பதின்மூன்று வயதுப் பையன் சிரித்துவிட்டுச் சொன்னான்:

"பார்த்து ஓதினா எல்லாம் பாடம் மாதிரித்தான் இரிக்கும் சின்ன ராத்தா. மூடினாத்தான் தெரியும்."

வாப்பாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. நான் ஒருநாளும் மூடவில்லை.

ஆய்வுகள் சொல்வதும் அதுவே

பின்னர் எங்கள் உயிரியல் டீச்சரிடம் இதைச் சொன்னபோது, இது ஆராய்ந்து பார்க்கப்பட்ட விடயம் என்று அவர் விளக்கினார். 1885ஆம் ஆண்டிலேயே ஜேர்மனிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து ஒரு நூல் வெளியிட்டார். கற்ற உடனேதான் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு அந்த வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். அதாவது இன்று படித்ததை அடுத்த மாதம் மீட்டலாம் என்று விட்டுவைத்தால், மீட்டுவதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பந்தியை மீண்டும் வாசித்தார்கள். மற்றப் பிரிவினர் அதை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. பார்க்காமல் எழுதியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று விளங்கியது. பரீட்சைக்கு முந்திய இரவு வாசித்துவிட்டுப் போய்ச் சிறு வகுப்புகளில் நல்ல புள்ளி எடுத்தோம். அந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றிவிட்டது. உயர்தரத்தில் இரண்டு வருடப் பாடத்தை ஒரே பரீட்சையில் கேட்கிறார்கள். ஓர் இரவு நினைவு அங்கே செல்லுபடியாகாது.

நான் மாற்றிக்கொண்ட பழக்கங்கள்

ஒன்று: மூடிவிட்டு எழுதுதல். ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் கொப்பியை மூடி, வெறுந்தாளில் நினைவில் உள்ள அனைத்தையும் எழுதுவேன். படமானால் கீறிப் பெயரிடுவேன். பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதையும் பிழைத்ததையும் சிவப்புப் பேனையால் எழுதுவேன். முதல் நாள் அந்தத் தாள் முழுவதும் சிவப்பாகத்தான் இருந்தது. அழுகை வந்தது. ஆனால் அந்தச் சிவப்பு பரீட்சை மண்டபத்தில் வருவதைவிட என் மேசையில் வருவது நல்லது. பழைய விண்ணப்பப் படிவங்கள், துண்டுப் பிரசுரங்கள், வாப்பாவின் கடையில் வெட்டும் மாதிரித் தாள்கள் என்று ஒருபக்கம் வெறுமையான எந்தத் தாளும் இதற்குப் போதும்.

இரண்டு: அட்டைப் பெட்டி. 1970களில் செபஸ்டியன் லைட்னர் என்ற ஜேர்மனியப் பத்திரிகையாளர் பிரபலப்படுத்திய முறை இது. சிறு அட்டையின் ஒரு பக்கம் வினா, மறுபக்கம் விடை. பிஸ்கட் பெட்டியை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். முதலாம் அறையில் உள்ளவற்றை நாள்தோறும் கேட்பேன். சரியாகச் சொன்னால் அது இரண்டாம் அறைக்குப் போகும். அதை மூன்று நாளுக்கு ஒருமுறை கேட்பேன். அங்கும் சரியானால் மூன்றாம் அறை, வாரத்துக்கு ஒருமுறை. எந்த அறையில் பிழைத்தாலும் மீண்டும் முதலாம் அறைக்கே வரவேண்டும். இதனால் தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை வீணாக்குவது நின்றது.

சாதாரண தரத் தங்கைகள் வரலாற்றுப் பாடத்துக்கு இதைச் செய்து பாருங்கள். ஆனால் "டொனமூர் அரசியலமைப்பு எந்த ஆண்டு?" என்று ஓர் அட்டையும் "1931" என்ற விடையும் மட்டும் போதாது. "டொனமூர் யாப்பு வாக்குரிமையில் கொண்டுவந்த மாற்றம் என்ன?", "இனவாரிப் பிரதிநிதித்துவம் என்ன ஆனது?" என்றும் எழுதுங்கள். ஆண்டை மட்டும் பாடமாக்கியவருக்குப் பல்தேர்வு வினாவில் ஒரு புள்ளி கிடைக்கும். சர்வசன வாக்குரிமை வந்ததையும் இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கியதையும் விளங்கியவருக்குக் கட்டுரை வினாவே கைகூடும்.

மூன்று: கலந்து பயிற்சி செய்தல். கணித நூலில் கூம்பு என்ற அலகின் கீழ் உள்ள பயிற்சிகள் எல்லாம் கூம்பைப் பற்றியவை. எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே தேவையில்லை. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. ஒரு பாத்திரத்தின் படம் இருக்கும், அதன் மேற்பகுதி உருளையாகவும் அடிப்பகுதி கூம்பாகவும் இருக்கும். எதை எப்போது பயன்படுத்துவது என்று தெரிவதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது. எனவே கூம்பில் ஒன்று, கோளத்தில் ஒன்று, உருளையில் ஒன்று என்று கலந்து செய்யுங்கள். ஆரம்பத்தில் மெதுவாகவும் கடினமாகவும் இருக்கும். அந்தக் கடினத்தில்தான் பயன் இருக்கிறது. அதே அடியும் அதே உயரமும் உடைய உருளையின் கனவளவில் மூன்றில் ஒன்றே கூம்பின் கனவளவு என்பதை விளங்கி வைத்திருந்தால், சூத்திரம் மறந்தாலும் அதை மீட்டெடுக்கலாம்.

நான்கு: பிறருக்குச் சொல்லிக்கொடுத்தல். எனக்கு விளங்கியதா என்று அறிய, படித்ததை மூத்தம்மாவுக்குச் சொல்வேன். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். சிறுநீரகத்தி எப்படிக் குருதியை வடிக்கிறது என்று சொன்னபோது, "வடிச்சா நல்லதும் சேர்ந்து போயிராதா?" என்று கேட்டார். மீள அகத்துறிஞ்சல் என்ற பகுதிக்கே நேராக வந்துவிட்டார்! வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் ஒரு கேள்விக்குச் சொந்தச் சொல்லில் விடை சொல்ல முடியாவிட்டால், நாம் வசனத்தைத்தான் பாடமாக்கியிருக்கிறோம்.

நேரத்தை வக்துகளால் பிரித்தல்

நேரசூசி எழுதாத மாணவி இல்லை. அதன்படி நடந்த மாணவியும் அதிகம் இல்லை. நானும் நான்கு மணி முதல் நான்கரை வரை இது, நான்கரை முதல் ஐந்து வரை அது என்று நிறம் தீட்டி ஒட்டி, மூன்றாம் நாளே கைவிட்டவள்தான். ஒரு விருந்தாளி வந்தால், ஒரு மின்தடை ஏற்பட்டால் முழு அட்டவணையும் குழம்பிவிடும்.

நமக்கு ஏற்கெனவே ஐந்து வக்துகள் இருக்கின்றன. நாள் எப்படிக் குழம்பினாலும் அவை இடம் மாறுவதில்லை. ஆகவே மணிக்குப் பதிலாக வக்துகளுக்கு இடையில் வேலையை வைத்தேன். ஸுபஹுக்குப் பிறகு பாடசாலைக்குத் தயாராகும்வரை அட்டைப் பெட்டி. அஸருக்கு முன்னர் ஓய்வு அல்லது டியூஷன். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வீட்டு வேலை, சிறிது நடை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அன்று பாடசாலையில் படித்ததை மூடிவிட்டு எழுதுதல். இஷாவுக்குப் பிறகு கடினமான ஒரு பாடத்தில் கணக்கு அல்லது வினாத்தாள். பத்தரைக்கு நித்திரை.

ஒரே இருப்பில் நீண்ட நேரம் இருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவனாக இருந்தபோது, தக்காளி வடிவிலான ஒரு சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் இடைவேளை என்று பழகினார். என் தோழி ஒருத்திக்கு இது மிகவும் உதவியது. ஒரு நிபந்தனை: அந்த ஐந்து நிமிடத்தில் கைத்தொலைபேசியைத் தொடக்கூடாது. தொட்டால் ஐந்து நிமிடம் ஐம்பதாகும். என் தொலைபேசி இஷா முடியும்வரை உம்மாவின் அலுமாரியில் இருக்கும். வகுப்புக் குழுவில் வரும் குறிப்புகளை அதன் பிறகு பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நித்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். பகலில் கற்றவற்றை நினைவில் நிலைநிறுத்தும் வேலையை நாம் தூங்கும்போது மூளை செய்கிறது. பன்னிரண்டு மணிவரை விழித்திருந்து நான் படித்தவை பாதி அந்த விழிப்பினாலேயே போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

டியூஷன் வகுப்பில் இருப்பது படிப்பு ஆகுமா?

வாரத்தில் ஐந்து நாள் வகுப்புக்குப் போனால் ஐந்து நாள் படித்ததாக எண்ணினேன். வகுப்பில் சேர் கணக்கைச் செய்வார், நான் எழுதிக்கொள்வேன். கணக்குச் செய்தவர் சேர்தான், நானல்ல. இரண்டாம் தவணையில் வாப்பாவிடம் சொல்லி இரண்டு வகுப்புகளைக் குறைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில், வகுப்பில் செய்த கணக்குகளையே விடையை மறைத்துத் தனியாகச் செய்தேன். வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கேட்டால், அதை மீட்ட ஒரு மணி நேரமாவது தனியாக இருக்கவேண்டும். அந்த நேரம் இல்லாத அளவுக்கு வகுப்புகளைச் சேர்த்துக்கொள்ளக்கூடாது.

கடந்தகால வினாத்தாள்

பலர் கடந்தகால வினாத்தாள் நூலை வாங்கி, வினாவையும் கீழே உள்ள விடையையும் கதைபோல வாசித்துக்கொண்டு போகிறோம். அது பழைய குறிப்புக் கொப்பிப் பழக்கமேதான். வினாத்தாளை நேரம் வைத்துச் செய்யவேண்டும்.

சாதாரண தர விஞ்ஞானம் முதலாம் பகுதியில் 40 பல்தேர்வு வினாக்களுக்கு ஒரு மணி நேரம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். உயர்தர உயிரியலில் 50 வினாக்களுக்கு இரண்டு மணி நேரம். ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் 24 செக்கனும். இரண்டாம் பகுதியில் தலா 100 புள்ளிகள் கொண்ட நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்கள், தலா 150 புள்ளிகள் கொண்ட நான்கு கட்டுரை வினாக்கள். மூன்று மணி நேரத்தைப் புள்ளிக்கேற்பப் பிரித்தால் அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 18 நிமிடம், கட்டுரை ஒன்றுக்கு 27 நிமிடம். நான் முதல்தடவை நேரம் வைத்துச் செய்தபோது, நன்றாகத் தெரிந்த ஒரு கட்டுரைக்கு 45 நிமிடம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டுரைக்கு மிஞ்சியது ஒன்பது நிமிடம். தெரியாமல் இழந்த புள்ளிகளைவிட, தெரிந்தும் நேரமில்லாமல் இழந்த புள்ளிகளே அன்று அதிகம்.

செய்து முடித்ததும் புள்ளித்திட்டத்தை வைத்து நீங்களே திருத்துங்கள். கருணை காட்டாதீர்கள். பிறகு ஒரு பிழைக் கொப்பி வைத்து, ஒவ்வொரு பிழைக்கும் காரணம் எழுதுங்கள். நான் நான்கு வகையாகப் பிரித்தேன்: பாடம் தெரியாதது, தெரிந்தும் மறந்தது, வினாவைப் பிழையாக வாசித்தது, கணிப்பில் கவனக்குறைவு. ஒரு மாதத்தின் பின் எண்ணிப் பார்த்தபோது, என் பிழைகளில் பெரும்பகுதி மூன்றாம் வகையைச் சேர்ந்திருந்தது. "தவறான கூற்று எது?" என்ற வினாவுக்குச் சரியான கூற்றைத் தெரிவு செய்திருந்தேன். அன்றிலிருந்து வினாவில் உள்ள "தவறான", "அல்லாதது", "மட்டும்" போன்ற சொற்களின் கீழ் கோடிட்ட பிறகுதான் விடைகளைப் பார்ப்பேன். புதிதாக எதுவும் படிக்காமலே அதனால் எனக்குச் சில புள்ளிகள் கூடின.

பரீட்சை நெருங்கும்போது

கடைசி வாரத்தில் புதிய பாடம் தொடவேண்டாம். பிழைக் கொப்பியும் அட்டைப் பெட்டியின் முதலாம் அறையும் போதும். முதல்நாள் மாலையே அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனைகள், பென்சில், அடிமட்டம், கைக்கடிகாரம், தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வினாத்தாளை வாசிக்கத் தரும் மேலதிகப் பத்து நிமிடத்தில் தெரிவு வினாக்களை முடிவு செய்துவிடுங்கள். முதல் பார்வையில் பயம் வருவது இயல்பு. தெரிந்த வினாவில் தொடங்குங்கள். எழுத எழுத நெஞ்சு அமைதியாகும். ஒரு பாடம் முடிந்து வெளியே வந்ததும் "பதினேழாம் வினாவுக்கு என்ன போட்டீர்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கவேண்டாம். எழுதியது எழுதியதுதான். அடுத்த பாடம் இன்னும் எழுதப்படவில்லை.

பெற்றோரிடம் சில வார்த்தைகள்

உங்கள் துஆவும் உழைப்பும் இல்லாமல் நாங்கள் இல்லை. மரியாதையோடு மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

"படிச்சியா?" என்று கேட்டால் நாங்கள் "ஓம்" என்றுதான் சொல்வோம். "இண்டைக்கு என்ன படிச்ச? எனக்குக் கொஞ்சம் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கத் தேவையில்லை. என் மூத்தம்மாவுக்குத் தெரியாது.

அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடாதீர்கள். எங்கள் போன தவணைப் புள்ளியோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஒரே வீட்டில் ஆண்பிள்ளை படிக்கும்போது தேநீர் மேசைக்கு வருகிறது. பெண்பிள்ளை படிக்கும்போது தேநீர் ஊற்ற எழும்பச் சொல்கிறார்கள். வீட்டு வேலை செய்ய நாங்கள் மறுக்கவில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எங்களுக்கென்று விட்டுத் தாருங்கள். இதை நான் உம்மாவிடம் கேட்டபோது, அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ சொல்லி இரிந்தா நான் எப்பவோ விட்டிருப்பன்" என்றார். சில வேளைகளில் நாமும் வாய் திறந்து கேட்பதில்லை.

ராத்தாவும் அட்டைப் பெட்டியும்

மூன்றாம் தவணையில் எனக்கு உயிரியலுக்கு 63, இரசாயனவியலுக்கு 52, பௌதிகவியலுக்கு 49. பல்கலைக்கழகத்துக்கு இது போதாது. போகவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. ஆனால் படித்தது எங்கே போனது என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் மூத்த ராத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. அவர் சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையவில்லை. இரண்டாம் தடவையும் எழுதினார், அதுவும் சரிவரவில்லை. "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று உறவினர் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பிவிட்டோம். அவரும் நம்பிவிட்டார். திருமணம் முடிந்து இப்போது மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், என் மேசையில் இருந்த பிஸ்கட் பெட்டியைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இது எதற்கு என்று கேட்டார். விளக்கினேன். நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை.

"நான் புத்தகத்தப் பார்த்துப் பார்த்து எழுதின கணக்குக் கொப்பி ஏழு இரிந்திச்சு. மூடிட்டுச் செய் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல" என்றார்.

ராத்தா படிக்காதவர் அல்லர். எப்படிப் படிப்பது என்று யாரும் காட்டிக்கொடுக்காதவர். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை எங்கள் வீடு அறிந்துகொள்ள ஆறு வருடங்கள் சென்றன.

இம்முறை அவர் கணிதத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்திருக்கிறார். மகன் தூங்கிய பிறகு இரவில் தொலைபேசியில் அழைப்பார். நான் அட்டையில் உள்ள வினாவை வாசிப்பேன். அவர் யோசிப்பார். உம்மா தம்பிக்குப் பொறுப்பதுபோல நானும் பொறுத்திருப்பேன். நேற்றிரவு பதினைந்து அட்டைகளில் பதினொன்றைச் சரியாகச் சொன்னார். மிகுதி நான்கும் இன்றிரவுக்காக முதலாம் அறையில் இருக்கின்றன.

தங்கைகளே, இதை வாசித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். இந்தச் சஞ்சிகையை மூடிவையுங்கள். ஒரு தாளை எடுத்து, இந்தக் கட்டுரையில் நினைவில் நின்றதை எழுதிப் பாருங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பால் எழுதுங்கள். அதுவே தொடக்கமாக இருக்கட்டும்.

நம் அனைவரின் முயற்சியையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. என் ராத்தாவுக்காகவும் ஒரு துஆ செய்துகொள்ளுங்கள்.